பெயரறிந்து பொறி வாங்குக!

மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் உழவன், பல்லைப் பார்த்து அகவை அறிகின்றான், சுழி பார்க்கின்றான், நடக்கவிட்டுக் காலைப் பார்க்கின்றான். தரகன் துண்டுக்குள் விரல் பிடித்து எத்துணைத் திறமாக விலை பேசினும், அவ்வுழவனை ஏய்த்தல் எளிதன்று. கரணியம் என்னை? மாட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வோர் இயல்புக்கும் அவன் வாயில் ஒரு சொல் இருக்கின்றது. சொல் இருக்குமிடத்தில் கருத்து இருக்கும். கருத்து இருக்குமிடத்தில் கேள்வி பிறக்கும். கேள்வி கேட்பவனிடம் பொய் நில்லாது.

அவ்வுழவனின் மகன் கல்லூரியிற் படித்தவன். அவன் கணினி வாங்கக் கடைக்குச் செல்கின்றான். கடைக்காரர் ஆங்கிலத் தலைப்பெழுத்துகளையும் எண்களையும் மழைபோற் பொழிகின்றார். இவன் ஒன்றும் விளங்காமல், விளங்காமையை வெளியிற் காட்டவும் நாணித் தலையை அசைக்கின்றான். பணத்தை எண்ணி வைத்துவிட்டு வருகின்றான். மாடு வாங்கிய தந்தை எழுத்தறியாதவர், ஆயினும் ஏமாறவில்லை. பட்டம் பெற்ற மகன் ஏமாறுகின்றான். இஃது எண்ணிப் பார்த்தற்குரிய செய்தியன்றோ?

இதனை எழுதத் தூண்டியது அண்மையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியாகும். என் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தம் வட்டாரத்து உழவரும் குயவரும் தச்சரும் வழங்குந் தொழிற்சொற்களை முப்பதாண்டுகளாகத் திரட்டி வருபவர். அவற்றைத் தாம் 2016-இல் வாங்கிய கணினியில் ஏற்றி வைத்திருந்தார். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் அக் கணினி அடிக்கடி ஓர் அறிவிப்பைக் காட்டவே, கடைக்கு எடுத்துச் சென்றார். “ஐயா, இதன் காலம் முடிந்துவிட்டது, புதியது வாங்குவதுதான் வழி” என்றார் கடைக்காரர். உடன் சென்ற பேரன், “தாத்தா, விளையாட்டும் ஓட வேண்டும்” என்றான். முடிவில், உரூபா 45,000-க்குள் முடிக்க எண்ணிச் சென்றவர் 88,000 கொடுத்து மீண்டார். மிகுதிப்பட்ட 43,000 எங்கிருந்து வந்தது? சொற்றொகுதியை அச்சிடுதற்கென அவர் ஒதுக்கி வைத்திருந்த பணத்திலிருந்து வந்தது. பொறி வீட்டுக்கு வந்தது. நூல் அச்சுக்குப் போகாமல் நின்றது.

கடைக்காரர் முழுப்பொய் சொன்னாரல்லர், அரைமெய் சொன்னார். அரைமெய்யை இனங்காண்பதற்கு முழு அறிவு வேண்டும். எனவே, அவர் சொன்னவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதற்கண், பழைய பொறியின் காலம் முடிந்தது என்னுங் கூற்று. விண்டோசு 10 என்னும் இயங்குதளத்திற்குப் பொதுவாக வழங்கி வந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்குரோசாப்ட்டு நிறுவனம் 14-10-2025-ஓடு நிறுத்தியது; பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்க்கு 13-10-2026 வரை நீட்டித்தது. அதற்கடுத்த விண்டோசு 11, ‘டி.பி.எம். 2.0’ எனப்படும் பாதுகாப்புக் கூற்றை வேண்டுவது. இண்டெல் செயலகமாயின் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்கு முற்பட்டதை ஏற்காதது. நண்பரின் 2016-ஆம் ஆண்டுப் பொறி அதற்கு ஒவ்வாது. இவையெல்லாம் மெய்.

ஆனால், இயங்குதளம் வேறு, பொறி வேறு. குடியிருந்தவர் வெளியேறினார் என்பதற்காக வீட்டை இடிப்பாரில்லை. இலினக்சு என்னும் இயங்குதளக் குடும்பம் 1991-இல் தோன்றி வளர்ந்து, விலையின்றிக் கிடைக்கின்றது. அதனுள் ‘மிண்ட்டு’ போன்றவை பழம் பொறிகளிலும் செவ்வனே ஓடுவன. இந்திய நடுவண் அரசின் உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி நடுவம், சென்னையில் உருவாக்கிய ‘பாசு’ என்னும் இலினக்சு 2007-இலேயே வெளிவந்தது. பழம் பொறியிலுள்ள சுழலும் வன்தட்டை நீக்கி, ‘எசு.எசு.டி.’ என்று கடையில் வழங்கும் திண்மநிலைச் சேமிப்பகம் ஒன்றைப் பொருத்தினால், எழுதுதல், கணக்கிடுதல், அஞ்சல் விடுத்தல் ஆகிய பணிகளுக்கு அது மேலுஞ் சில ஆண்டுகள் உழைக்கும். நண்பரின் பணி மட்டுமே கருதப்பட்டிருப்பின், செலவு சில ஆயிரங்களோடு முடிந்திருக்கும்.

ஆகவே முதற்கேள்வி ‘எதை வாங்குவது’ என்பதன்று. ‘வாங்கத்தான் வேண்டுமா’ என்பதே.

வாங்கவே வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். பேரன் விளையாடவும் வேண்டும், அதில் தவறொன்றுமில்லை. விளையாடாத சிறுவன் நோயுற்ற சிறுவன். வீட்டுப் பணியும் எளிய விளையாட்டும் ஒரே பொறியில் நிகழத் தக்கவாறு தேர்வதெப்படி? இங்கேதான் பெயர் வேண்டும்.

எழுதுவோன் ஒருவனை எண்ணிக்கொள்க. அவன் அமர்ந்து எழுதுகின்றான். எதிரே ஒரு மேசை. அருகில் ஒரு நூற்பேழை. பக்கத்தில் ஓர் ஓவியன். எழுதுவோனே நடுச்செயலகம். வேண்டிய தாள்களை எடுத்துப் பரப்பும் மேசை நினைவகம். கடைக்காரர் ‘இராம்’ என்பது இதனையே. மேசை சிறிதாயின் பேழைக்கும் மேசைக்கும் நடந்து நடந்தே பொழுது கழியும். மின் நின்றதும் மேசை வெறுமையாகும். பேழையில் வைத்தது மட்டுமே எஞ்சும். அப் பேழையே சேமிப்பகம். ஓவியனே வரைகலைப் பகுதி; திரையிற் காணும் ஒவ்வொரு புள்ளியையும் தீட்டுபவன் அவன். இந் நான்கு பெயரையும் நெஞ்சிற் கொண்டவர்க்குக் கடைக்காரர் சொல்லும் ஒவ்வோர் எண்ணும் எவ்வுறுப்பைச் சார்ந்தது என்பது உடனே விளங்கும்.

இனி, நண்பர் எங்கே வழுக்கினார் என்பதைக் காண்க. அவர்க்கு விற்கப்பட்ட நடுச்செயலகத்தின் எண்ணிறுதியில் ‘எஃப்’ என்னும் ஆங்கில எழுத்தொன்று இருந்தது. இண்டெல் நிறுவனத்தின் மேசைக்கணினிச் செயலகங்களில் அவ்வெழுத்து இறுதியில் நின்றால், அதனுள் ஓவியன் இல்லை என்பது பொருள். அதனை வாங்கியவர் தனியே ஒரு வரைகலை அட்டை வாங்கியே தீரவேண்டும். அன்றேல் திரை இருண்டே கிடக்கும். செயலகத்தில் சிறிது பணம் குறைந்தது போலத் தோன்றும். அட்டையிலோ பல்லாயிரம் ஏறும். ஆவும் ஈயும் தீயும் பூவும் ஓரெழுத்தொருமொழிகள் என்றும், ஓரெழுத்தே பொருளுணர்த்தும் என்றும் மாணவர்க்கு ஆண்டுதோறுங் கற்பித்தவர் அவர். அவரை ஓரெழுத்து ஏமாற்றிற்று! அதன் பொருளை அவர்க்கு உரைப்பார் அங்கு இல்லை.

மாறாக, ஓவியனைத் தம்முள்ளேயே நன்கு கொண்ட செயலகங்கள் உள்ளன. ஏ.எம்.டி. நிறுவனத்தின் மேசைக்கணினிச் செயலகங்களில் எண்ணிறுதியில் ‘சீ’ என்று ஒலிக்கும் ஆங்கில ஏழாம் எழுத்து நின்றால், உள்ளிருக்கும் வரைகலைப் பகுதி வலிமையுடையது என்று கொள்ளலாம். 2021-இல் வந்த இரைசன் 5 5600, 2024-இல் வந்த இரைசன் 5 8600 ஆகியவற்றுள் அவ்வெழுத்தேற்ற வகைகள் இத்தகையன. இரண்டும் ஆறு கருக்கள் உடையன. 65 வாட்டு அளவில் அமைந்தன. முன்னது பழைய டி.டி.ஆர். 4 நினைவகத்தையும், பின்னது புதிய டி.டி.ஆர். 5 நினைவகத்தையும் ஏற்பன. பின்னதன் ஓவியன் முன்னதன் ஓவியனினும் தெளிவாக வல்லவன்.

எளிய விளையாட்டு என்பதற்கு அளவு என்ன? அதனையுங் கணக்கிட்டே அறிதல் வேண்டும். 1920-க்கு 1080 என்னும் திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 முறை திரையைத் தீட்டுவதாயின், ஓவியன் நொடியொன்றுக்கு 12 கோடியே 44 இலக்கம் புள்ளிகளைத் தீட்ட வேண்டும். ‘நாலு கே’ என்று விற்கப்படும் 3840-க்கு 2160 திரையில் அவ்வேலை நான்கு மடங்காகும். ஆகவே, முதலிற் கூறிய திரையோடு அமைந்து, ஒளிநயத்தைச் சிறிது குறைத்துக்கொண்டால், 2011-இல் முழுமையாக வெளியான மைன்கிராப்ட்டு, 2020-இல் வந்த வேலரண்ட்டு முதலிய விளையாட்டுகளை உள்ளிருக்கும் ஓவியனே நடத்திவிடுவான். சதுரங்கமாடத் தனி ஓவியன் வேண்டுவானல்லன் என்பது சொல்லாமலே விளங்கும். புதிய பெருவிளையாட்டுகளை முழு ஒளிநயத்தோடு ஆடியே தீருவேன் என்பவர்க்கு அட்டை வேண்டும், அதனை மறுக்கவில்லை. ஆனால், அஃது எளிய விளையாட்டன்று.

ஒன்றை மறவற்க. வேலரண்ட்டு இலினக்சில் ஓடாது. விண்டோசு 11-இல் முற்கூறிய பாதுகாப்புக் கூற்றையும் அது வேண்டும். மைன்கிராப்ட்டின் சாவா வகையோ இலினக்சிலும் ஓடும். எனவே, பேரன் எவ்விளையாட்டை விரும்புகின்றான் என்று பெயரைக் கேட்டறிந்த பின்னரே இயங்குதளத்தை முடிவு செய்க. ‘விளையாட்டு ஓட வேண்டும்’ என்னும் பொதுச்சொல்லே கடைக்காரர்க்கு வாயில் திறந்துவிட்டது. விளையாட்டின் பெயரைச் சொல்லியிருந்தால் அவ்வாயில் குறுகியிருக்கும்.

உள்ளிருக்கும் ஓவியனைக் கொள்வோர் நினைவகத்தில் ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும். அவ்வோவியனுக்குத் தனி மேசை இல்லை. எழுதுவோனின் மேசையிலேயே ஒரு பகுதியை அவனும் எடுத்துக்கொள்கின்றான். ஆகவே, 8 கிகாபைட்டு போதாது, 16 வேண்டும். அப் பதினாறையும் ஒரே தண்டாக வாங்காமல், எட்டெட்டாக இரண்டு தண்டுகளாக வாங்குக. இரண்டு தண்டிருப்பின் தரவு இருவழியிற் செல்லும். ஒன்றே இருப்பின் ஒருவழியே. வரைகலைப் பணியில் இவ் வேறுபாடு கண்ணாலே காணத்தக்கது. ஒரே தண்டைச் செருகி விற்றுவிட்டு, ‘ஓட்டம் போதவில்லையா? அட்டை வாங்குங்கள்’ என்று சொல்வார்க்கு இது தக்க விடை.

நினைவகத்தின் விலை 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் கடுமையாக ஏறிற்று. செயற்கை நுண்ணறிவுக்கெனப் பெருநிறுவனங்கள் எழுப்பும் தரவு நிலையங்கள் உலகின் நினைவகச் சில்லுகளை அள்ளிச் செல்வதே அதன் கரணியம். வீட்டுப் பயனர்க்குக் ‘குரூசியல்’ என்னும் பெயரில் நினைவகம் விற்றுவந்த மைக்குரான் நிறுவனம், அவ்விற்பனையைக் கைவிடுவதாக 2025 திசம்பரில் அறிவித்தது. இத்தகைய காலத்தில் வேண்டாத அட்டைக்குச் செலவிட்டு, வேண்டிய நினைவகத்தைக் குறைத்தல் பேதைமையாகும். நான்கு செருகிடம் உள்ள தாய்ப்பலகையைத் தேர்ந்து, இன்று இரண்டை நிரப்பி, எஞ்சிய இரண்டை விலை தணியுங் காலத்திற்கு ஒதுக்கி வைப்பது நன்று.

சேமிப்பகம் 512 கிகாபைட்டு அளவில் திண்மநிலையாக இருப்பது போதும். சுழலும் வன்தட்டை முதன்மையாகக் கொள்ளற்க. ஆனால், படியெடுத்து வைக்க அதுவே மலிவு. பொறி கெட்டால் வேறு பொறி வாங்கலாம். முப்பதாண்டு உழைப்புக் கெட்டால் யாரிடம் வாங்குவது? வீட்டில் ஒரு படி, உறவினர் வீட்டில் ஒரு படி என இரண்டேனும் வைத்தல் எழுதுவோர் கடமை.

அட்டையொன்று வாங்கினால் செலவு அட்டையோடு நில்லாது. அதற்கு மின் மிகுதியாக வேண்டும். ஆகவே, பெரிய மின்வழங்கி வேண்டும். மின் நின்றால் தாங்கும் தடையில்லா மின்வழங்கியும் பெரிதாக வேண்டும். வெப்பம் மிகும்; ஆகவே, விசிறியும் பெட்டியும் பெரிதாகும். ஒரு பொய்யை நிறுத்தப் பல பொய்கள் வேண்டியாங்கு, ஒரு வேண்டாப் பொருளைத் தாங்கப் பல வேண்டாப் பொருள்கள் வரிசையாக வருகின்றன. நண்பரின் 43,000 இவ்வாறே கரைந்தது. மேசைக்கணினியின் சிறப்பே, பின்னர் வேண்டியதைப் பின்னர்ச் சேர்க்கலாம் என்பதாம். தாய்ப்பலகையில் அட்டைக்குரிய நீள்செருகிடம் இருக்கின்றதா என்று மட்டும் பார்த்துக்கொள்க. இன்று வேண்டாததை இன்று வாங்கற்க. நாளை வாங்கும் வாயிலையும் அடைத்துவிடற்க.

இதுவரை கூறியவை எம்மொழியினர்க்கும் பொது. தமிழில் எழுதுவோர்க்கெனத் தனியே சில உள. முதலாவது திரை. நம் எழுத்துகள் சுழியும் வளைவும் நிறைந்தவை. ணகரமும் னகரமும் தெளிவாகப் பிரிந்து தோன்றாத திரையில் மெய்ப்புப் பார்ப்பவர் கண் கெடும், பிழையும் தப்பும். அட்டைக்குச் செலவிடும் பணத்திற் சிறு பகுதியைத் திரைக்குச் செலவிட்டு, 24 அங்குல அளவில், ‘ஐ.பி.எசு.’ வகையில், பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஒன்றைத் தேர்க. கடையில் விளையாட்டுப் படத்தை ஓட்டிக் காட்டுவர். நீங்கள் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது விசைப்பலகை. தமிழெழுத்துப் பொறித்த பலகைக்கு மிகுவிலை கொடுக்கத் தேவையில்லை. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பு, விண்டோசில் 2019 முதல் உள்ளமைந்தே வருகின்றது, இலினக்சிலும் உண்டு. அதன்கண் உயிரெழுத்துகள் இடக்கையிலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. சில நாள் பழகினால் விரல்களே வழியறியும்.

மூன்றாவதே பெரிது. பழம் பொறியில் நீங்கள் எழுதி வைத்தவை எக் குறியீட்டில் உள்ளன? ஒருங்குகுறியில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றதாயினும், நம்மவர் பலர் நெடுங்காலம் வெவ்வேறு எழுத்துருக்களின் தனிக் குறியீடுகளிலேயே எழுதி வந்தனர். அவ்வெழுத்துரு இல்லாத புதுப்பொறியில் அக்கோப்பைத் திறந்தால், தமிழ் தோன்றாது. பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். எனவே, பழம் பொறியைக் கொடுத்துவிடு முன், எழுத்துருக்களைப் படியெடுத்துக்கொள்க. கோப்புகளை ஒருங்குகுறிக்கு மாற்றிக்கொள்க. மாற்றியவற்றை ஒருமுறை படித்துப் பார்க்க. பழையதைக் கொடுத்தால் சில நூறு குறைப்போம் என்னுங் கடைக்காரரிடம் நண்பர் தம் பொறியைக் கொடுக்க இருந்தார். அதனைத் தடுத்ததொன்றே இந் நிகழ்ச்சியில் யான் செய்த நற்பணி.

இறுதியாக விலைச்சீட்டு. 18 விழுக்காட்டு வரியோடு சீட்டு வேண்டா, வரியின்றித் தருகின்றோம் என்பார்க்கு இணங்கற்க. ஒவ்வோர் உறுப்பின் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டே பின்னர்ப் பழுதுற்றால் கைகொடுக்கும். உரிமம் இல்லாத இயங்குதளத்தை ஏற்றித் தருவதும் பலவிடத்து வழக்கம். விலை கொடுத்து உரிமையோடு வாங்குக. அன்றேல் விலையற்ற இலினக்சைக் கொள்க. களவில் தொடங்கிய பொறியில் அறநூல் எழுதுதல் அழகன்று.

“தமிழ்ப்பெயர் சொன்னால் கடைக்காரர்க்கு விளங்குமா?” என்று சிலர் நகுவர். விளங்கும்வரை அவர் குறியையே அவரிடம் காட்டுக, அதில் இழிவில்லை. ஆனால், அக்குறி உம் நெஞ்சிற் புகும்பொழுது தமிழ்ச்சொல்லாகவே புகட்டும். ‘இராம்’ என்பது வெற்றொலி. ‘நினைவகம்’ என்பது விளக்கம். ஒலியை மட்டும் அறிந்தவர் தலையசைப்பார். பொருளை அறிந்தவர் கேள்வி கேட்பார். பிறமொழிச் சொல்லை வெறுத்து யான் இதனைக் கூறவில்லை. நம் கையிலுள்ள பணத்தைக் காக்கவே கூறுகின்றேன். பெயரறியாமைக்கு நாம் கொடுக்கும் வரி, அரசு கொள்ளும் வரியினும் பெரிது.

நண்பர் மனமுடைந்தாரல்லர். தம் தொகுப்பில் உழவு, வனைவு, தச்சு என்னும் பிரிவுகளை அடுத்துக் கணினி என ஒரு பிரிவைத் தொடங்கி, உறுப்புக்கு ஒரு சொல்லும் ஒரு வரி விளக்கமுமாக எழுதி வருகின்றார். ஐயந் தோன்றுமிடத்துப் பேரனே அவர்க்கு ஆசிரியன். அப்பிரிவு முன்பே அச்சாகி நம் கையில் இருந்திருப்பின், அவர் அன்று 43,000 உரூபாவை இழந்திருக்கமாட்டார். இப்பொழுது அதனை அச்சிடுதற்குத்தான் அவரிடம் பணமில்லை. அடுத்து ஓர் ஆசிரியர் கடைப்படி ஏறு முன், அந் நான்கு பெயரையேனும் அறிந்து ஏறுக!